டொராண்டோவில் தோழி, கோவையில் நான்: வீடியோ கால் வழியே இருவர் நடனம், நேரலையா பதிவா?

கேள்வி: கோவைச் சலங்கை

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவையில் இருக்கிறேன். பரதநாட்டியம் முறையாகக் கற்று அரங்கேற்றம் முடித்தவள். கடந்த சில வருடங்களாகச் சமகால நடனம் செய்கிறேன். என்னோடு ஒரே டீச்சரிடம் படித்த தோழி கல்யாணமாகி டொராண்டோ போய்விட்டாள். லாக்டவுன் சமயத்தில் தினமும் வீடியோ காலில் சேர்ந்து பயிற்சி செய்தோம். அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு நடனம் உருவாகியிருக்கிறது.

நான் இங்கே மேடையில் ஆடுவேன். அவள் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆடுவாள். அவள் உருவம் எனக்குப் பின்னால் பெரிய திரையில் வரும். மொத்தம் 25 நிமிடம். நினைத்த நேரத்தில் போனில் முகம் பார்த்துப் பேச முடிகிற இரண்டு பேர் எப்படி மெல்ல மெல்ல ஒருவரையொருவர் தொலைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். எங்களுக்கே நடந்தது அது. லாக்டவுனில் தினமும் பேசிய நாங்கள் அப்புறம் மாதக்கணக்கில் வெறும் ஃபார்வர்டு மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஜனவரியில் நிகழ்ச்சி. நூறு பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கு. இங்கே மாலை 7 மணி என்றால் அங்கே காலை 8.30, அவளுக்கும் தோதான நேரம்.

இப்போது சிக்கல். கால் வழியாக ஆடும்போது அவள் எப்போதும் தாளத்தில் எனக்கு ஒரு அடி பின்னால் இருக்கிறாள். அவளைக் கேட்டால் நான்தான் பின்னால் இருக்கிறேன் என்கிறாள். இருவரும் சரியாகத்தான் ஆடுகிறோம். அரங்கின் டெக்னிக்கல் ஆள், "அவங்க ஆடினதை முன்கூட்டியே ரெக்கார்டு செஞ்சு திரையில் ஓட விட்டுடுங்க மேடம், பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்கிறார். தெரியாதுதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. "நேரலை" என்று போஸ்டரில் போட்டுவிட்டு வீடியோ ஓட்டுவது சபையை ஏமாற்றுவது அல்லவா? போஸ்டரில் போடாவிட்டாலும், நான் யாரோடு ஆடுகிறேன்?

நேரலையாகவே செய்வதென்றால் இந்தத் தாமதத்தை எப்படிக் கையாள்வது? வெளிநாட்டில் இதே மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதுரை ஒலிஒளி

மேடம், நான் மதுரையில் அரங்குகளுக்கு ஒலி, ஒளி அமைத்துக் கொடுப்பவன். நடனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், வயரைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் இரண்டு பக்கமும் வைஃபையை மறந்துவிடுங்கள். லேன் கேபிள் போட்டுத்தான் ஆட வேண்டும். வைஃபையில் தாமதம் ஒரே அளவாக இருக்காது, ஏறி இறங்கும். ஒரே அளவான தாமதத்துக்கு உடம்பு பழகிவிடும். ஏறி இறங்குவதற்குப் பழகவே முடியாது.

தாமதம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். தோழி தன் காமிராவைத் தன் கம்ப்யூட்டர் திரையை நோக்கித் திருப்பி வைக்கட்டும். அப்போது நீங்கள் கை தட்டினால் உங்கள் படம் டொராண்டோ போய் அவர் திரையில் தெரிந்து, அங்கிருந்து திரும்ப உங்கள் திரைக்கு வரும். உங்கள் நிஜக் கையும் திரையில் வரும் கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோ என்றால், இரண்டு தட்டலுக்கும் நடுவே 24 ஃபிரேம் இருந்தால் போய் வர 0.8 நொடி. ஒரு வழிக்கு ஏறத்தாழ அதில் பாதி. புரொஜக்டர் வழியாகவே அளந்து பாருங்கள், அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

இசையைக் கால் வழியாக அனுப்பவே வேண்டாம். ஒரே ஆடியோ ஃபைல் இரண்டு பக்கமும் இருக்கட்டும், தனித்தனியாக ஓட விடுங்கள். அவர் அங்கே முதலில் ஆரம்பித்து, ஒரு வழித் தாமதம் எவ்வளவோ அவ்வளவு கழித்து நீங்கள் இங்கே ஆரம்பித்தால், உங்கள் அரங்கில் அவர் உருவமும் பாட்டும் பொருந்தும். ஆனால் அவர் பக்கத்தில் நீங்கள் இரண்டு மடங்கு பின்தங்கித் தெரிவீர்கள். ஒரு பக்கம் பொருத்தினால் மறுபக்கம் நழுவும், அதற்கு வழியே இல்லை. சபை இருக்கும் பக்கம் பொருந்தட்டும் என்பது என் யோசனை.

இன்னொன்று, முக்கியம். சலங்கைச் சத்தத்தையும் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்தையும் இந்த ஆப்கள் பின்னணி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டால்தான் சலங்கை கேட்கும். ஹெட்போன் இல்லாமல் அதைப் போட்டால் எக்கோ வரும், கவனம்.

பதில்: அடவும் அலையும்

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, அந்த அளவெடுக்கும் முறையை நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது தாமதம் இல்லை. அவள் உருவம் "எனக்குப் பின்னால் பெரிய திரையில் வரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பின்னால் இருக்கிறவளை எப்படிம்மா பார்ப்பீர்கள்?

நான் பெங்களூருவில் சமகால நடனம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கும் அடிப்படை பரதம்தான். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது நமக்கு முதல் அடவிலிருந்தே, அதாவது முதலில் கற்கும் அடிப்படை அசைவிலிருந்தே, ஊறிப்போனது. உங்கள் மேடையிலோ கண்ணுக்கு மூன்று இடம் இருக்கிறது. சபை ஒன்று, காமிரா ஒன்று, தோழி தெரிகிற திரை ஒன்று. நீங்கள் திரையில் அவளைப் பார்த்தால், அவளுக்கு நீங்கள் வேறு எங்கோ பார்ப்பதாகத் தெரியும். அவளுக்காகக் காமிராவைப் பார்த்தால் அவள் நெகிழ்ந்துபோவாள், ஆனால் அந்த நேரம் உங்கள் கண்ணில் கண்ணாடி லென்ஸ் மட்டும்தான் இருக்கும். ஒருவர் பார்க்கலாம், அல்லது பார்க்கப்படுவதாக மற்றவருக்குத் தோன்றச் செய்யலாம். இரண்டும் ஒரே நொடியில் நடக்காது. வீடியோ காலில் எத்தனை மணி நேரம் பேசினாலும் இரண்டு ஜோடிக் கண்கள் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. முகம் பார்த்துக்கொண்டே தொலைவதைப் பற்றிய நடனம் என்று சொல்கிறீர்கள். உங்கள் விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு அடி முன்னே பின்னே போவதில் இல்லை.

முன்னால் செய்தவர்கள் இருக்கிறார்கள், இண்டர்நெட்டுக்கும் முன்னாலேயே. 1977-ல் அமெரிக்காவில் கிட் கேலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நாசாவின் துணையோடு சாட்டலைட் ஆர்ட்ஸ் என்ற முயற்சியைச் செய்தார்கள். மேரிலாந்தில் நாசாவின் கோடார்ட் மையத்தில் சில நடனக்காரர்கள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் சிலர். நடுவே சுமார் 4,000 கிலோமீட்டர். இரண்டு பக்கத்துப் படத்தையும் செயற்கைக்கோள் வழியே கொண்டுவந்து ஒரே படமாகக் கலந்து, அதை இரு பக்கமும் மானிட்டரில் காட்டினார்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே அலைக்குக் கால் நொடி ஆகும். இன்று உங்களுக்கு இருக்கும் அதே தொல்லை. அவர்கள் அதை மறைக்காமல் அதையே வைத்து ஆடிப் பார்த்தார்கள்.

அந்த ஸ்டுடியோவின் தரையில் நின்று பார்த்தால் ஒருவர் காற்றில் கையை நீட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நீட்டிய கையை இன்னொருவர் பிடிப்பது மானிட்டரில் மட்டும்தான் நடக்கும். ஆடுகிறவர் கண் அந்த மானிட்டரை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் கை தப்பிவிடும். மானிட்டர் வைத்த இடம்தான் அவர்கள் தலை எந்தப் பக்கம் திரும்பும், முதுகு எப்படி வளையும் என்பதைத் தீர்மானித்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், மானிட்டர் எங்கே என்று முடிவுசெய்த பிறகுதான் அடவு கோக்க வேண்டும். நம்மில் பலர் எல்லாவற்றையும் கோத்து முடித்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் லேப்டாப்பை எங்கே வைக்கலாம் என்று தேடுகிறார்கள்.

அதே இருவர் 1980 நவம்பரில் நியூயார்க்கில் லிங்கன் சென்டரின் ஒரு ஜன்னலையும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையின் ஜன்னலையும் மூன்று மாலை நேரங்களில் நேரலையாக இணைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் எதிர்க் கரையில் இருப்பவர்களை ஆள் உயரத்தில் பார்த்துப் பேசினார்கள். அது நடனம் இல்லை, ஆனாலும் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தன் படம் தனக்குத் தெரிகிற மானிட்டரை அவர்கள் வைக்கவில்லை. எதிரே இருப்பவர் மட்டும்தான் தெரிவார். நீங்கள் இருவரும் பயிற்சி செய்யும்போது திரையின் மூலையில் உங்கள் சொந்த முகம் சின்னக் கட்டத்தில் இருக்குமே, அதை இன்றே மறையுங்கள். கண்ணாடி முன்னால் வளர்ந்த நமக்கு அந்தக் கட்டம் இருந்தால் கண் அங்கேதான் போகும்.

இப்போது பதிவா நேரலையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1992-ல் பால் செர்மன் என்ற கலைஞர் பின்லாந்தில் டெலிமேட்டிக் ட்ரீமிங் என்ற ஒன்றைச் செய்தார். இரண்டு இடத்தில் இரண்டு கட்டில். ஒரு கட்டிலில் படுத்திருப்பவரின் உருவம் மேலிருக்கும் காமிரா வழியே போய், இன்னொரு கட்டிலின் மேல் ஆள் அளவில் ஒளியாக விழும். அங்கே வந்து உட்காருபவர் அந்த ஒளி உருவத்தோடு கை கோக்கலாம், தலையைத் தடவலாம். முதல் கட்டிலைச் சுற்றி வைத்த மானிட்டர்களில் அது தெரியும். 1994-ல் ஆம்ஸ்டர்டாமில் இதை வைத்தபோது சூசன் கோசெல் என்ற நடனக்கலைஞர் நான்கு வாரம் அந்தக் கட்டிலில் இருந்து ஆடினார். வந்தவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள்.

அவர் அதைப் பற்றி எழுதியிருப்பதைக் கட்டாயம் தேடிப் படியுங்கள். யாரோ ஒருவர் கை தன் உருவத்தின் மேல் படுவதை மானிட்டரில் பார்த்தபோது தன் நிஜ உடம்பில் மெல்லிய மின்சாரம் பாய்ந்தது போல் உணர்ந்ததாகச் சொல்கிறார். இன்னொருவர் அந்த ஒளி உருவத்தின் வயிற்றில் முழங்கையால் இடித்தபோது இவர் உடம்பு தானாக மடங்கியிருக்கிறது. தொடவே இல்லை, வேறு அறை. இதோடு முதுகு வலி, கழுத்து வலி பற்றியும் எழுதுகிறார், மணிக்கணக்கில் மானிட்டருக்காகத் திரும்பிக் கிடந்த உடம்பு அல்லவா. எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். திரைக்குள் ஒரு உடம்பு மிதந்துகொண்டிருக்க, நோவு எல்லாம் இந்த உடம்புக்குத்தான் வருகிறது.

பதிவில் இது நடக்காது. நீங்கள் கன்னத்தைத் தொடக் கை நீட்டினால் பதிவில் இருப்பவள் சொன்ன நேரத்தில் சொன்ன பக்கம் திரும்புவாள். கை கொஞ்சம் தாமதித்தாலும் அவள் திரும்பிவிட்டிருப்பாள். அதனால் உங்கள் கவனம் முழுக்க அவளோடு பொருந்துவதில் போய்விடும், அவள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டாள். சபைக்குத் தெரியாது என்று உங்கள் ஆள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், ஆடுகிற உங்கள் கண்ணுக்குத் தெரியும். எதிரே ஆள் இருக்கும் கண்ணும் ஆள் இல்லாத கண்ணும் ஒன்றாக இருக்காது. உங்கள் நடனத்தின் விஷயம் வேறாக இருந்தால் பதிவே போதும் என்று சொல்லியிருப்பேன். இந்த விஷயத்துக்கு நேரலைதான்.

தாமதத்துக்கு ஒரே ஒரு யோசனை. இருவரும் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தால் வேகம் இறங்கிக்கொண்டே போகும். பந்தியில் "நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்று இருவரும் காத்திருந்தால் சோறு ஆறிப்போகிற மாதிரி. நீங்கள் அவளைப் பார்ப்பதே கொஞ்சம் பிந்தி, உங்கள் பதில் அவளுக்குத் தெரிவது இன்னும் பிந்தி. அதனால் ஒவ்வொரு பகுதியிலும் யார் முன்னால் போகிறார், யார் பின்தொடர்கிறார் என்று முதலிலேயே பேசி வையுங்கள், நடுவில் மாற்றுங்கள். முதல் காலம் என்ற மெதுவான வேகத்தில், காலால் தட்டி ஆடும் தட்டடவு தாங்கும். மிக வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு அடி முழுசாகத் தப்பிவிடும், அந்த வேகத்தில் சேர்ந்து ஆடும் இடமே வேண்டாம். இந்தத் தாமதம் ஒரு இடத்தில் சபைக்கு அப்பட்டமாகத் தெரியட்டும். நீங்கள் கையைத் தூக்குகிறீர்கள், அவள் கை தாமதமாக எழுகிறது, அதற்குள் நீங்கள் கையை இறக்கிவிட்டீர்கள். அந்த ஒன்றை மட்டும் ஐந்து நிமிடம் ஆடலாம்.

பதில்: கடைசி வரிசை

நான் ஆடுகிறவன் இல்லை, பார்க்கிறவன். சென்னையில் மார்கழி சீசனிலும் மற்ற மாதங்களில் சமகால நடனங்களிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது.

மேடையில் பெரிய திரை இருந்தால் கண் திரைக்குத்தான் போகும். வெளிச்சமாக இருப்பதும் பெரிதாக இருப்பதும் அதுதான். பன்னிரண்டு அடி உயரத்தில் தோழியின் முகம், அதன் கீழே ஐந்தடி உயரத்தில் நீங்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து ஆடினாலும் என் போன்றவன் தோழியின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிரான்ஸில் மொராத் மெர்சூக்கி குழு 2014-ல் செய்த பிக்சல் என்ற நடனத்தின் வீடியோ பார்த்திருப்பீர்கள். ஒளிப்புள்ளிகள் மழை போல் விழும், நடனக்காரர்கள் அதனுள்ளே ஹிப்ஹாப் ஆடுவார்கள். பிரமாதமான உழைப்பு, ஆனால் பார்த்து முடித்த பிறகு எனக்குப் புள்ளிகள்தான் நினைவில் இருந்தன, ஒரு முகமும் இல்லை.

இதற்கு மாறாக எனக்குப் பிடித்தது அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் பைபெட் என்ற நடனம், 1999. அதையும் வீடியோவில்தான் பார்த்தேன். அது முதலில் மேடையேறிய மாதம்தான் அவருக்கு 80 வயது ஆகியிருந்தது. நடனக்காரர்கள் உடம்பில் ஒளி திருப்பும் புள்ளிகளை ஒட்டி, காமிராக்களால் அசைவை மட்டும் பிடித்தார்கள். பால் கைசர், ஷெல்லி எஷ்கர் என்ற இரு டிஜிட்டல் கலைஞர்கள் அந்த அசைவைக் கோட்டுச் சித்திரங்களாக மாற்றி, மேடைக்கு முன்னால் தொங்கும் மெல்லிய வலைத் திரையில் விழவைத்தார்கள். முகம் இல்லை, தசை இல்லை, ஒருவர் நடந்த நடை மட்டும் மிதந்து போகும், அதற்குப் பின்னால் நிஜ மனிதர்கள் ஆடுவது தெரியும். ஒருவர் இல்லாமல் அவர் அசைவு மட்டும் மிஞ்சுவதைப் பார்க்க மனசை என்னவோ செய்தது. திரை வலையாக இருந்ததால் உடம்பு தோற்கவில்லை.

நம் பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பெங்களூருவின் ஆட்டக்களரி என்ற சமகால நடன அமைப்பினர் சிலப்பதிகாரத்தை அடியாக வைத்து கிரோனோடோப்பியா என்று ஒன்று செய்தார்கள், ஒளியும் காணொளியும் நடனமும் கலந்தது.

என் வேண்டுகோள் இதுதான். தோழியை உங்கள் உயரத்துக்கு மேல் பெரிதாக்காதீர்கள். அவள் கால் உங்கள் மேடைத் தரையில் பட வேண்டும். இங்கே பல அரங்குகளில் திரை நாலடி உயரத்தில் தொங்கும், அதில் வந்தால் அவள் அந்தரத்தில் ஆடுவாள்.

கோவைச் சலங்கை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் நீங்கள் சொன்னதை எல்லாம் அரங்கிலேயே முயன்று பார்த்தோம்.

மதுரை அண்ணா, கை தட்டல் அளவெடுத்தோம். லேன் கேபிள் போட்டதும் தாமதம் ஒரே அளவில் நின்றது, அதுவே பாதி நிம்மதி. சலங்கை உண்மையிலேயே அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்கிறது! இத்தனை நாளும் நான் சலங்கை கட்டாமல் ஆடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

கடைசி வரிசை சார், திரையைக் கழற்றிவிட்டு, தரை வரை தொங்குகிற மாதிரி கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினோம். மேடையின் நடுவில் இல்லாமல் இடது பக்கம். அவள் என் உயரம்தான் வருகிறாள். துணி மெல்லியது என்பதால் படம் கொஞ்சம் மங்கல், அது அழகாகவே இருக்கிறது.

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அவளுக்கு அனுப்பினேன். உடனே கால் செய்தாள். இருவரும் ஒன்றும் ஆடாமல் உட்கார்ந்து, நான் காமிராவைப் பார்க்க அவள் திரையைப் பார்க்க, அப்புறம் மாற்றிக்கொண்டு, இப்படியே வெகு நேரம் செய்து பார்த்தோம். நான் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அழுதிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் தெரியும். இதையே நடனத்தின் நடுப்பகுதியாக வைக்கப்போகிறோம்.

ஒன்று மட்டும் புதிதாக முளைத்தது. அவள் கன்னத்தைத் தொடுகிற இடத்தில் துணிக்குப் பக்கத்தில் போகிறேன். புரொஜக்டர் முன்னால் இருப்பதால் என் கை நிழல் அவள் முகத்தில் விழுகிறது. நெருங்க நெருங்க அவள் முகமே இருண்டுவிடுகிறது. காமிரா சபைப் பக்கம் இருப்பதால் அவளுக்கு அந்த நேரம் என் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நிழலைப் போக்குவதா, வைத்துக்கொள்வதா?

இன்னொரு பயம், நடுவில் இணைப்பு அறுந்தால்? அதற்கு மட்டும் பதிவைத் தயாராக வைக்கலாமா?

அடவும் அலையும்

அவள் அழுதது உங்களுக்குத் தெரியாமல் போனதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே ஆடுங்கள், அதன் மேல் அபிநயம் எதுவும் ஏற்றாதீர்கள்.

நிழலை வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கும்போது மறைகிறாள், விலகினால் தெரிகிறாள் என்பது தானாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒருமுறை. மற்ற இடங்களில் துணிக்குப் பக்கவாட்டில் நின்றே ஆடுங்கள். அந்த ஒருமுறை அவளுக்கு முதுகு மட்டும் தெரிகிறது என்றீர்கள். அப்போது அவள் என்ன செய்கிறாள் என்பதை அவளே முடிவுசெய்யட்டும், உங்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சபை அவளைப் பார்க்கும், நீங்கள் நிழலைத்தான் பார்ப்பீர்கள்.

இணைப்பு அறுந்தால் பதிவைப் போடாதீர்கள். வெறும் துணியோடு ஆடுங்கள். எங்கே அறுந்ததோ அங்கிருந்து உங்கள் பங்கை மட்டும், அவள் இடத்தைக் காலியாக விட்டு, முடிவு வரை. அவளும் அங்கே நிறுத்தாமல் முடிக்கட்டும், நீங்கள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நடுவில் மறுபடி இணைந்தால் இருவரும் அந்தந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே சந்திக்கலாம், ஏனென்றால் பாட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இதையும் ஒத்திகை பாருங்கள். யாரையாவது விட்டுச் சொல்லாமல் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

மதுரை ஒலிஒளி

மேடம், அறுந்தால் துணியில் நீல நிறத்தில் "நோ சிக்னல்" என்று பெரிதாக எழுத்து வரும். இல்லாவிட்டால் ஆப் பெட்டி, தோழியின் பெயர், சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம் எல்லாம் வரும். அதைச் சபை பார்த்தால் நடனம் அங்கேயே போச்சு. புரொஜக்டர் மெனுவில் சிக்னல் இல்லாதபோது கறுப்பு என்று வைக்கலாம், வையுங்கள். அதோடு லேப்டாப்பில் ஒரு ஆளை உட்காரவைத்து, படம் உறைந்தால் உடனே கறுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். உறைந்த முகம் மூன்று நொடிக்கு மேல் துணியில் நிற்கக் கூடாது.

ரிமோட்டை அரங்கு ஆட்களிடமிருந்து முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பல இடங்களில் அது பூட்டிய அலமாரியில் இருக்கும். கடைசி ஒத்திகையை மாலை 7 மணிக்கே வையுங்கள். காலையில் நன்றாக ஓடுகிற லைன் மாலையில் ஊர் முழுக்க வீடு திரும்பியதும் திணறும். உங்களுக்கு அந்த மணிக்கு எவ்வளவு தாமதம் என்பதுதான் கணக்கு.